சிலிக்கோசிஸ்: இரத்தப் பரிசோதனை யார் கையில்?

ராஜஸ்தானின் மணற்கல் சுரங்கத்தில் பணிபுரியும் ஒருவருக்கு இருமலும் மூச்சிரைப்பும் தொடங்கினால், பல வேளைகளில் முதலில் தரப்படுவது காசநோய் மருந்துதான். மாதங்கள் கடந்தும் மூச்சு சீராவதில்லை. அவரைப் பற்றியிருப்பது சிலிக்கோசிஸ்: கல்லை வெட்டும்போதும் துளையிடும்போதும் எழும் சிலிக்காத் தூசு நுரையீரலைத் தழும்பாக்கும் நோய். இச்சுரங்கங்களில் உடலுழைப்போரில் பெரும்பாலோர் தலித்துகளும் பழங்குடியினருமே. ஆகவே, இந்நோயைக் கண்டறியும் புதிய பரிசோதனை பற்றிய செய்தியை வெறும் மருத்துவச் செய்தியாக நாம் வாசிக்க இயலாது.

கண்ணுக்குப் புலப்படாத சிலிக்காத் துகள்கள் நுரையீரலின் காற்றறைகள் வரை செல்கின்றன. அவற்றை விழுங்கும் பாதுகாப்பு அணுக்கள் செரிக்க இயலாமல் மடிகின்றன. வெளிப்பட்ட துகளை அடுத்த அணு விழுங்குகிறது, அதுவும் மடிகிறது. இச்சுழற்சி தூண்டும் அழற்சியால் மென்மையான திசு நார்த்திசுவாக இறுகுகிறது. ஒருமுறை உண்டான தழும்பு மறைவதில்லை. வேலையை விட்ட பின்னரும் நோய் வளரக்கூடும். சிலிக்கா படிந்த நுரையீரலைக் காசநோயும் எளிதில் தாக்கும் என்பதால், இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு.

மார்பு எக்ஸ்ரேயில் தழும்பு புலப்படும்போது பாதிப்பு ஏற்கெனவே வேரூன்றியிருக்கும். இங்கேதான் இரத்தம் உதவக்கூடும். நுரையீரலின் நுண்காற்றுக் குழாய்களில் உள்ள கிளப் செல்கள் சிசி16 எனும் புரதத்தைச் சுரக்கின்றன; அதில் சிறிதளவு இரத்தத்திலும் கலக்கிறது. சிலிக்காத் தூசு அச்செல்களைச் சிதைப்பதால் இரத்தத்தில் அதன் அளவு குறைகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் அகமதாபாத்தில் இயங்கும் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம், இப்புரதத்தை அளந்து பாதிப்பை முன்கூட்டியே உணர்த்தும் பரிசோதனையை உருவாக்கியுள்ளது.

ஆனால் சிசி16 குறைந்தாலே சிலிக்கோசிஸ் என்று முடிவுகட்ட இயலாது. புகைபிடிப்பவருக்கும் அது குறையும். சிறுநீரகம் பழுதுற்றவருக்கோ கூடுதலாகக் காட்டும். நுரையீரல் தழும்புநோயின் வேறொரு வகையிலும் இத்தகைய எச்சரிக்கை எழுந்தது. காரணம் அறியப்படாத நுரையீரல் நார்த்திசு நோயைப் பிற தழும்புநோய்களிலிருந்து பிரித்தறிய கேஎல்-6 உள்ளிட்ட நான்கு இரத்தக் குறிகாட்டிகளை அளக்க வேண்டாம் என்று, அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய, இலத்தீன் அமெரிக்க நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் 2018இல் கூட்டாகப் பரிந்துரைத்தன. எனவே தூசில் உழைப்போரில் யாரை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று சலித்தெடுக்கவே இப்பரிசோதனை ஏற்றது. சான்றிதழுக்கு அதுமட்டும் போதாது.

சான்றிதழ்தான் இங்கே உயிர்நாடி. ராஜஸ்தான் அரசின் 2019ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, நோய் உறுதிசெய்யப்பட்டவருக்கு 3 இலட்சம் ரூபாயும், அவர் இறந்தால் குடும்பத்துக்கு 2 இலட்சம் ரூபாயும் உண்டு. மாத ஓய்வூதியமும் உண்டு. பிற மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றமே. ஆயினும் சிசி16 குறைந்து, எக்ஸ்ரே இன்னும் தெளிவாக இருக்கும் தொழிலாளியின் நிலை என்ன? நோயாளி என்று அரசு ஏற்காது. முடிவு உரிமையாளரின் கைக்குப் போனால் மறுநாள் வேலையும் இராது. வருகைப் பதிவேடோ ஊதியச் சீட்டோ இல்லாதவர் எங்கே முறையிடுவார்?

இது வெறும் கற்பனை அச்சமன்று. குஜராத்தின் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளில் உழைத்து, மத்தியப் பிரதேசத்துக்குத் திரும்பி மாண்ட பழங்குடித் தொழிலாளர் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 இலட்சம் ரூபாய் வழங்குமாறு தேசிய மனித உரிமை ஆணையம் 2010இல் பரிந்துரைத்தது. அத்தொகையை வழங்குமாறு குஜராத் அரசுக்கு உச்ச நீதிமன்றம் 2016இல்தான் ஆணையிட்டது. இறந்தோருக்கே இத்தனை ஆண்டுகள் என்றால், இன்னும் நோயாளி என்று ஏற்கப்படாதவரின் வழக்கு எவ்வளவு நீளும் என்பதை ஊகிக்கலாம்.

பரிசோதனை சுரங்க வாயிலுக்கு வரட்டும், வரவேற்போம். முடிவு முதலில் தொழிலாளியின் கையிலும் அரசு மருத்துவரிடமும் மட்டுமே சேர வேண்டும். அளவு குறைந்தவருக்குத் தூசற்ற மாற்றுப் பணியும் அதே ஊதியமும் சட்டப்படி கிடைக்க வேண்டும். ஒருவருக்கு அளவு குறைந்தாலே அச்சுரங்கத்தின் தூசை ஆய்வாளர் அளந்தாக வேண்டும். நீர் பாய்ச்சித் துளையிட்டால் தூசு பெருமளவு அடங்கும் என்பது நெடுங்காலமாக அறிந்ததே. அதற்குப் புதிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை, குழாயும் தண்ணீரும்தான் தேவை.