உஷார்! அந்த 1 ஜிபி சோதனையை நம்பி டிஸ்க் வாங்காதீர்கள்

கல்முனை பஸாரில் எஸ்எஸ்டி, பென் ட்ரைவ், மெமரி கார்ட் எல்லாம் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகின்றன. கடைத் தம்பி ஒன்றைச் செருகி கிறிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற வேகச் சோதனை மென்பொருளை ஓட்டுகிறார். திரையில் பெரிய இலக்கம் வந்ததும் "சாமான் ஒரிஜினல் காக்கா" என்கிறார். காக்காவும் காசை எண்ணிக் கொடுக்கிறார். கொஞ்சம் பொறுங்கள்! யாரும் செட்டிங்கைத் தொடாமல் எடுத்த இலக்கம் அது.

அந்த மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் சோதனைக் கோப்பு 1 ஜிபிதான். ஒவ்வொரு அளவீடும் 5 செக்கனில் முடிந்துவிடும். இன்றைய எஸ்எஸ்டிகளில் பெரும்பாலானவற்றில் எஸ்எல்சி கேஷ் என்று வேகமான ஒரு பகுதி உண்டு. எழுதுவதெல்லாம் முதலில் அங்கேதான் போய் விழும். 1 ஜிபி அதற்குள் அடங்கிவிடுவதால் மலிவு டிஸ்க்கும் நல்ல டிஸ்க்கும் ஒரே மாதிரித்தான் தெரியும். கல்யாண வீடியோ 80 ஜிபியை ஏற்றப்போகும் ஸ்டூடியோக்காரர்தான் பாதி வழியில் மாட்டிக்கொள்வார். கேஷ் நிரம்பியதும் சில மலிவு எஸ்எஸ்டிகள் செக்கனுக்கு 100 எம்பிக்கும் கீழே விழுந்துவிடும், பழைய ஹார்ட் டிஸ்க்கை விட மோசமாக!

பெரிய கம்பனிச் சாமான் என்றாலும் கண்ணை மூடி வாங்க முடியாது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் புளூ எஸ்என்550 எஸ்எஸ்டியில், மொடல் பெயரை மாற்றாமலே உள்ளே இருந்த நினைவகச் சிப்பை மாற்றியிருந்தார்கள். 2021இல் இது வெளிவந்தது. கேஷ் தாண்டிய பிறகு செக்கனுக்கு 610 எம்பி எழுதியது 390க்கு இறங்கியிருந்தது. சிறு சோதனை எதிலும் இந்த வித்தியாசம் தெரியவே இல்லை.

பென் ட்ரைவ் விஷயம் இதைவிடப் பயங்கரம். "2 டிபி" என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது 32 அல்லது 64 ஜிபியாக இருக்கலாம். கொம்பியூட்டரிடம் பொய் சொல்லும்படி அதன் சிப்பையே மாற்றி அமைத்திருப்பார்கள். வேகச் சோதனையில் அது தாராளமாகப் பாஸாகும். இடம் தீர்ந்த பிறகு ஏற்றுபவை சத்தமில்லாமல் காணாமல் போகும். கொள்ளளவு முழுவதையும் எழுதி, திரும்ப வாசித்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3, இரண்டும் இலவசம். செக்கனுக்கு 20 எம்பி எழுதும் 64 ஜிபி ட்ரைவ் ஒன்றுக்கு எழுதவே ஒரு மணித்தியாலம் அளவில் போகும். போகட்டும்.

கடைக்காரத் தம்பிமாரே, மொத்தமாகச் சோதிக்கும்போது கிறிஸ்டல்டிஸ்க்மார்க்கில் கோப்பு அளவை 32 ஜிபிக்கு ஏற்றுங்கள், அளக்கும் நேரத்தையும் கூட்டுங்கள். எஸ்எஸ்டி தேயாமலிருக்க ஓட்டும் தடவையை ஐந்திலிருந்து ஒன்று, இரண்டாகக் குறையுங்கள். எல்லாவற்றுக்கும் அதே செட்டிங், அதே போர்ட். பழைய யூஎஸ்பி 2.0 போர்ட்டில் எதைச் செருகினாலும் செக்கனுக்கு 40 எம்பியைத் தாண்டுவது கஷ்டம். ஒரே ஹப்பில் நாலைச் செருகி ஒன்றாக ஓட்டினால் நாலும் வேகத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். நமது கரையோர வெயிலில், ஏசி இல்லாத கடையில், என்விஎம்இ எஸ்எஸ்டி சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆறவிடுங்கள்.

எனக்கு உண்மையில் பயம் தருவது வேறொன்று. திருத்த வந்த வாடிக்கையாளர் டிஸ்க்கும் புது டிஸ்க்குகளோடு அதே மேசையில் செருகிக் கிடக்கும். லினக்ஸில் டிஸ்க்குகளுக்கு வரும் எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள் கழற்றிச் செருகும்போது இடம் மாறக்கூடியவை. ஓர் எழுத்துப் பிழைத்தால் எஃப்ஐஓ என்ற வேகச் சோதனை மென்பொருளின் எழுதும் சோதனை அந்த டிஸ்க்கின் மேலேயே எழுதிவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் கொண்டுபோனவர்களின், எஞ்சிய ஒன்றிரண்டு படங்களை ஸ்கேன் பண்ணி வைத்திருக்கும் வீடுகள் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் உண்டு. அந்தப் படத்துக்கு வேறு கொப்பி இல்லாமல் இருக்கலாம். வாடிக்கையாளர் டிஸ்க்கைத் தனி மேசையில் வையுங்கள். டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 'பென்டிங் செக்டர்' (வாசிக்கச் சிரமப்படும் பகுதிகள்) பூச்சியமில்லை என்றால் எந்தச் சோதனையும் வேண்டாம், முதலில் கொப்பி எடுங்கள்.

வாங்கப் போகிறவர்களும் காசு கொடுக்குமுன் "தம்பி, எத்தனை ஜிபி எழுதிப் பார்த்தீங்க?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், முழுக் கொள்ளளவுச் சோதனையில் தோற்றால் ஒரு கிழமைக்குள் திருப்பி எடுப்பதாகப் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரமாட்டேன் என்ற கடையில் வாங்காதீர்கள்.