சமூக வலைத்தளத் தரகு: முதற்பொருளைத் தெரிவதில் நிதானம் தேவை

கைத்தொலைபேசியும் இணைய வசதியும் இருந்தால் வீட்டிலிருந்தவாறே உழைக்கலாம் என்ற பேச்சு இன்று நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் கேட்கின்றது. கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டை செல்லும் வழியில் அமைந்துள்ள மஹய்யாவவும் இதற்கு விலக்கல்ல. ஆங்கிலேயர் காலத்தில் நகர சுத்திகரிப்புப் பணிக்கென இந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்டோரின் வழித்தோன்றல்களான தமிழரும், முஸ்லிம் குடும்பங்களும் அருகருகே வாழும் பகுதி அது. நெருக்கமான வீடுகளும், படித்தும் தகுந்த தொழில் கிடைக்காத இளைஞர் யுவதிகளும் அங்கு புதிய விடயங்கள் அல்ல. விண்ணப்பப் படிவத்தில் முகவரியைக் கண்டதும் பார்வை மாறிவிடுகின்றது என்ற மனக்குறையும் அங்கு நெடுநாளாக உண்டு. முகவரி கேட்காத ஒரு தொழில் என்றால் அதன்பால் அவர்கள் ஈர்க்கப்படுவதில் வியப்பில்லை.

அத்தகைய தொழில்களுள் ஒன்றாகவே அஃபிலியேட் விற்பனை பேசப்படுகின்றது. பெயர் புதியதாயினும் இது பழைய தரகுத் தொழிலேயாகும். ஒரு நிறுவனத்தின் பொருளுக்குரிய இணைப்பொன்று நமக்கென்றே தனியாக வழங்கப்படும். அதனை நாம் முகநூலிலோ, யூடியூபிலோ, டிக்டொக்கிலோ, வட்ஸ்அப் குழுவிலோ பகிர்கின்றோம். அதன் வழியாகச் சென்று ஒருவர் பொருளை வாங்கினால் விலையில் ஒரு விகிதம் நமக்குத் தரகுக்கூலியாகக் கிடைக்கின்றது. பொருளை நாம் வாங்கி வைக்க வேண்டியதில்லை. கடை வாடகை இல்லை. முதலீடும் பெரிதாக இல்லை. அமெரிக்காவின் அமேசன் நிறுவனம் 1996 ஆம் ஆண்டிலேயே இம்முறையை ஆரம்பித்தது. 2018 இல் சீனாவின் அலிபாபா குழுமம் வாங்கிய டராஸ் நிறுவனம் நம் நாட்டிலும் இத்தகைய திட்டமொன்றை அறிமுகப்படுத்தியது. இவை தவிர, சிறு விற்பனையாளர்கள் பலரும் தள்ளுபடிக் குறியீடுகளை வழங்கி இதே முறையில் தரகர்களைத் தேடுகின்றனர்.

முதலீடு இல்லை என்று நாம் மேலே கூறியது பணத்தைப் பற்றியதே. உண்மையில் இத்தொழிலில் ஒரு முதலீடு உண்டு. அது நம்மை அறிந்தவர்கள் நம் சொல்லின் மீது வைத்துள்ள நம்பிக்கை. புதிதாக ஆரம்பிக்கும் ஒருவரின் முகநூல் நண்பர்கள் யார்? பக்கத்து வீட்டார், மாமன் மச்சான், பள்ளித் தோழர், பள்ளிவாசலிலும் கோயிலிலும் அன்றாடம் காண்போர். முதல் இணைப்பைத் தொட்டு முதலில் பணம் செலுத்தப் போகின்றவர்களும் அவர்களே. பெருநகரில் ஏமாற்றமடைந்த வாடிக்கையாளர் மறைந்து போவார், இன்னொருவர் வருவார். மஹய்யாவ போன்ற ஓரிடத்தில் ஏமாற்றமடைந்தவர் மறுநாள் காலையில் குழாயடியில் எதிர்ப்படுவார். ஆகவே, முதலில் எந்தப் பொருளைத் தெரிவது என்ற கேள்வி சிறு கேள்வியன்று. முதற்பொருள் நல்லதாக அமைந்தால் இரண்டாவது பொருளைப் பற்றி நாம் சொல்வதையும் கேட்பார்கள். அது கெட்டுப்போனால் தரகு மாத்திரமன்றி உறவும் கெடும்.

புதியவர்கள் பெரும்பாலும் தரகுக்கூலி எதற்கு அதிகமோ அதனையே முதலில் தெரிகின்றனர். தவறு இங்குதான் ஆரம்பிக்கின்றது. உதாரணத்துக்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். 2,500 ரூபா பெறுமதியான பாடசாலைப் பை ஒன்றுக்கு 6 சதவீதத் தரகு என்று கொண்டால் ஒரு விற்பனைக்கு 150 ரூபா கிடைக்கும். நமது இணைப்பை 100 பேர் தொட்டு, மூவர் வாங்கி, அவர்களுள் ஒருவர் பையைத் திருப்பி அனுப்பினால் எஞ்சுவது 300 ரூபா. திருப்பி அனுப்பப்பட்ட பொருளுக்குத் தரகு கிடைப்பதில்லை. மறுபுறம், 3,000 ரூபா விலையுள்ள முகப்பூச்சு ஒன்றுக்கு 30 சதவீதம் தருவதாக ஒருவர் சொன்னால், மூன்று விற்பனையில் 2,700 ரூபா. ஒன்பது மடங்கு வித்தியாசம். இளம் மனது எதன் பக்கம் சாயும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால், ஒருவர் ஏன் 30 சதவீதத்தை வாரி வழங்குகின்றார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தரமும் பெயரும் உள்ள பொருள் தானாகவே விற்கும். அதற்குப் பெரிய தரகு தேவைப்படுவதில்லை. அளவுக்கு மீறிய தரகு வழங்கப்படுமிடத்து, அத்தொகை விலையோடு ஏற்கனவே சேர்க்கப்பட்டிருக்கலாம். அதாவது அதனைச் செலுத்துபவர் நமது உறவினரே. அல்லது, பொருளின் மீது வேறெவரும் தமது பெயரைப் பணயம் வைக்க விரும்பாமலிருக்கலாம்.

சருமத்தை வெண்மையாக்குவதாகக் கூறும் பூச்சுகள் இதற்குத் தக்க சான்றாகும். இத்தகைய சில பூச்சுகளில் பாதரசம் கலந்திருப்பது உலகின் பல நாடுகளில் பரிசோதனைகளில் கண்டறியப்பட்டுள்ளது. பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்றும், கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்தானது என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரித்துள்ளது. பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இலங்கையும் 2017 இல் அதில் இணைந்தது. கிலோகிராமுக்கு 1 மில்லிகிராமுக்கு மேற்பட்ட பாதரசமுள்ள அழகுசாதனப் பொருட்களை 2020 உடன் ஒழிப்பது என்பது அதன் முதல் இலக்காகும். பின்னர் 2023 இல் அந்த எல்லையும் நீக்கப்பட்டு விதி கடுமையாக்கப்பட்டது. இருந்தும், இறக்குமதியாளரின் பெயரோ முகவரியோ இல்லாத குப்பிகள் இணையத்தில் தாராளமாக விலைபோகின்றன. கல்யாணத்துக்குக் காத்திருக்கும் தங்கை முறையான பெண்ணொருத்தி நமது இணைப்பை நம்பி அதனை வாங்கி முகத்தில் பூசினால், அந்த 900 ரூபாவின் கனம் என்ன என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீரிழிவைப் போக்கும் பானம், பத்து நாளில் உடலை மெலியவைக்கும் குளிகை என்பனவும் இவ்வகையைச் சேர்ந்தவையே. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் மருந்துகளை அனுமதியின்றி விளம்பரப்படுத்த முடியாது. நோயைக் குணமாக்கும் என்று சொல்லி எதனையும் பகிர்வதற்கு முன் இதனை மனதில் இருத்துவது அவசியம்.

இதனிலும் பெரிய ஆபத்தொன்று தரகின் வேடத்தில் வருகின்றது. பொருளை விற்றால் கிடைக்கும் தரகு ஒன்று. ஆளைச் சேர்த்தால் கிடைக்கும் தரகு வேறொன்று. பின்னையது பிரமிட் திட்டம். 2000 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் தங்க நாணயத்தைக் காட்டி ஆள் சேர்த்த கோல்ட்குவெஸ்ட்டைப் பலர் மறந்திருக்கலாம். ஆனால் 2023 இல் ஒன்மெக்ஸ் டிடி, எம்.டி.எப்.ஈ. என்பவற்றில் பணத்தை இழந்தோரின் கதை இன்னும் பழையதாகிவிடவில்லை. இவ்விரண்டும் தடைசெய்யப்பட்ட திட்டங்கள் என இலங்கை மத்திய வங்கி பெயர் குறிப்பிட்டு அறிவித்தது. 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு, இத்தகைய திட்டத்தை நடத்துபவரை மாத்திரமன்றி அதனை ஊக்குவிப்பவரையும் விளம்பரப்படுத்துபவரையும் குற்றவாளியாகவே காண்கின்றது. 3 ஆண்டுகள் வரையான சிறையோ, 10 இலட்சம் ரூபா வரையான தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பிறருக்கு நட்டம் விளையும் என்று அறிந்தே செய்திருந்தால் சிறைத்தண்டனை 3 முதல் 5 ஆண்டுகள் வரையாகும். இணைப்பைத்தானே பகிர்ந்தேன் என்ற விளக்கம் அங்கு செல்லுபடியாகாது. ஆகவே, எந்தத் திட்டத்தில் சேரும்போதும் ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: ஒருவரையும் சேர்க்காமல், பொருளை மாத்திரம் விற்று இதில் உழைக்க முடியுமா? முடியாது என்றாலும், சேர்வதற்கே பணம் கட்ட வேண்டும் என்றாலும் விலகிக் கொள்வதே அறிவுடைமை.

அப்படியாயின் முதற்பொருளாக எதனைத் தெரிவது? முதலாவதாக, நாம் சொந்தப் பணத்தில் வாங்கிப் பாவித்த பொருளாக அது இருத்தல் வேண்டும். ஒரு மாதமாவது பாவித்தால்தான் பையின் தையல் பிரியுமா, மின்னேற்றி சூடாகுமா என்பன தெரியவரும். விளம்பரத்தில் உள்ளதை நாமும் திருப்பிச் சொல்வதானால் நமக்கு எதற்குத் தரகு?

இரண்டாவதாக, நமது வட்டத்தில் உள்ளோருக்கு உண்மையாகவே தேவைப்படுவதும், அவர்களது கைக்கு எட்டுவதுமான பொருளாக இருக்க வேண்டும். கண்டியில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பெய்யும் இடைப்பருவ மழையை அறிந்தவருக்கு நல்ல குடையொன்றின் அருமை தெரியும். புதிய கல்வியாண்டில் பாடசாலைப் பையும் தண்ணீர்ப் போத்தலும், நோன்புக்கும் பெருநாளுக்கும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சமையலறைப் பாத்திரங்களும் தேவைப்படும். அமேசனின் தரகு பெரிதாகத் தோன்றலாம். ஆனால், நம் அயலவர் அங்கிருந்து பொருள் தருவிப்பவர்கள் அல்லர். அத்துடன், தமது சொந்த இணைப்பின் வழியாகத் தாமே வாங்குவதற்கு அந்நிறுவனம் தரகு வழங்குவதில்லை. முதல் 180 நாட்களுக்குள் மூன்று விற்பனையாவது நடைபெறாவிடின் கணக்கையும் மூடிவிடும். ஆடை, பாதணி போன்றவை விரைவில் விலைபோகும் என்றாலும் அளவு பொருந்தாமல் திரும்பி வருவது அவற்றிலேயே அதிகம். முதற்பொருளாக அவை உகந்தவையல்ல.

மூன்றாவதாக, குறை நேர்ந்தால் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்க வேண்டும். பெரிய இணையச் சந்தைகளில் தளம் ஒருவருடையது, விற்பவர் இன்னொருவர். எனவே தளத்தின் பெயரை மாத்திரம் பார்த்துத் திருப்தியடையாமல் குறித்த விற்பனையாளரைப் பற்றி வாங்கியோர் எழுதியுள்ள குறைகளை வாசிக்க வேண்டும். உத்தரவாதம் உண்டா, எத்தனை நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், பொதியில் விலையும் காலாவதித் திகதியும் இறக்குமதியாளரின் முகவரியும் உள்ளனவா என்பவற்றைப் பார்க்க வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வணிக நடத்தையைத் தடைசெய்கின்றது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு செய்யலாம் என்பதையும் நமது வாடிக்கையாளருக்கு நாமே அறிவிப்பது நல்லது.

நான்காவதாகவே தரகைப் பார்க்க வேண்டும். எத்தனை சதவீதம், எப்போது கிடைக்கும், குறைந்தபட்சம் எவ்வளவு சேர்ந்தால் தருவார்கள், நமது வங்கிக் கணக்குக்கு அது எவ்வழியில் வந்து சேரும் என்பவற்றை ஆரம்பத்திலேயே எழுத்தில் வாசித்துத் தெளிவது நலம். முதல் மாதங்களில் இணையக் கட்டணத்துக்கே அது போதாமற் போகலாம். அதனை அறிந்து ஆரம்பிப்பவர் சோர்ந்து போகமாட்டார்.

பொருளைத் தெரிந்த பின்னர் எஞ்சுவது ஒளிவுமறைவின்மை. தமிழகத்தின் மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் உண்டு. சுற்றி நிற்போருக்கு எதுவும் தெரியாது. சமூக வலைத்தளத் தரகிலும் பலர் அந்தத் துண்டைப் போர்த்திக் கொண்டே பேசுகின்றனர். நண்பன் என்ற முறையில் சொல்கின்றேன் என்பார்கள், கூலி வாங்குவதைச் சொல்லமாட்டார்கள். அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழு 2009 இலும் 2023 இலும் திருத்திய வழிகாட்டல்களின் மூலம் இத்தொடர்பை வெளிப்படையாகக் கூறுமாறு வேண்டியுள்ளது. இந்திய அரசும் 2023 ஜனவரியில் அவ்வாறான அறிவுறுத்தல்களை வெளியிட்டது. சட்டம் கேட்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த இணைப்பின் வழியாக நீங்கள் வாங்கினால் எனக்குத் தரகுக்கூலி கிடைக்கும் என்று தமிழில் ஒரு வரி எழுதினால் போதும். அதனோடு பொருளின் குறையொன்றையும் சேர்த்துச் சொன்னால் நம்பிக்கை கூடுமேயன்றிக் குறையாது.

இது நமது மரபுக்குப் புறம்பானதுமல்ல. வாணிகம் செய்வோர் பிறர் பொருளையும் தம்முடையதைப் போலப் பேண வேண்டும் என்பதை வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்தார். இஸ்லாமிய வணிக ஒழுக்கமும் தரகரின் கூலியை அனுமதித்து, பொருளின் குறையை மறைப்பதைக் கண்டிக்கின்றது. இரு சமூகத்து இளைஞரும் தத்தம் வீட்டிலேயே கற்றிருக்க வேண்டிய பாடம் இது.

மஹய்யாவவின் பள்ளிவாசல் நிர்வாகமும், கோயில் பரிபாலன சபைகளும், இளைஞர் கழகங்களும் இவ்விடயத்தில் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டு, எது தரகு, எது பிரமிட் திட்டம் என்பதை இளையோருக்கு விளக்க முன்வர வேண்டும் என்பது எமது அவா. இத்தொழிலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. முகவரியைப் பார்த்துக் கதவை மூடியவர்களுக்கு நல்ல பெயரை ஈட்டிப் பதில் சொல்ல இதிலும் வழி இருக்கின்றது. அந்தப் பெயரைச் சம்பாதித்துத் தரக்கூடிய பொருள் எதுவோ, அது ஒரு குடையாக இருந்தாலும், அதுவே முதற்பொருளாக அமையட்டும்.