பிச்சாவரத்தின் சேற்றைப் படித்தவர்கள்

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகேறுகிறவர்கள் சுரபுன்னையின் தாங்குவேர்களைப் படம் எடுப்பார்கள். கொக்கையும் நாரையையும் எடுப்பார்கள். காட்டின் மகரந்தத்தை யார் பார்த்தார்கள்? பார்த்தவர்கள் வடக்கே, புதுச்சேரி செயின்ட் லூயி தெருவில் இருந்தார்கள். 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் சைவ ஆகமச் சுவடிகளுக்குப் பேர்போனது. மகரந்தம் பதித்த கண்ணாடி வில்லைகளும் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு.

மகரந்தத்தின் மேலோடு அமிலத்திலும் எளிதில் கரையாது. காற்றுப் புகாத சேற்றில் ஆயிரம் ஆண்டுகளானாலும் கிடக்கும். குழாய் இறக்கி, அடுக்கு கலையாமல் சேற்றை எடுத்து, அமிலத்தில் கழுவி, மிஞ்சுவதை நுண்ணோக்கியில் எண்ணினால் எந்தக் காலத்தில் எந்த மரம் நின்றது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. சுரபுன்னை மகரந்தத்தை வாரி இறைக்கும். பூச்சிகளை நம்பும் வெண்கண்டலோ சிக்கனக்காரி. கண்ணெதிரே வெண்கண்டலே நிறைந்து நின்றாலும் சேற்றில் சுரபுன்னையின் கை ஓங்கியிருக்கும். எனவே பழைய சேற்றை நம்புமுன், இன்றைய காட்டையும் இன்றைய சேற்றையும் ஒப்பிட வேண்டும். பிரெஞ்சு நிறுவனத்தின் காரத்தினி, பிளாஸ்கோ, தணிகைமணி மூவரும் அதைச் செய்து 1973-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

மூவரில் ஒருவரான கணபதி தணிகைமணி 1986 செப்டம்பர் 5 அன்று, கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் உயிரிழந்தார். அலையாத்தி மகரந்தங்கள் பற்றிய அவருடைய நூல் மறு ஆண்டு வந்தது. விமானக் கடத்தலை நினைவு வைத்திருக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த நூல் தெரியும்?

இதற்கிடையே பிச்சாவரம் தேய்ந்துகொண்டிருந்தது. பல பத்தாண்டுகள் பகுதி பகுதியாக மரத்தை மொட்டையடித்ததில் மண் தாழ்ந்து பள்ளமானது. ஏறிய கடல்நீர் வடியாமல் உப்பு கூடியது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டியது. நீர் வந்து போகத் தொடங்க, காடும் திரும்பியது. 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது.

திரும்பியதில் பெரும்பங்கு வெண்கண்டல். உப்பைத் தாங்கும் மரம் என்பதால் அதை நட்டது சரிதான். ஆனால் செயற்கைக்கோள் படத்தில் எல்லாமே பச்சை. எந்த இனம் குறைந்தது என்பதை அந்தப் பச்சை காட்டாது. அதற்குச் சேற்றைத்தான் கேட்க வேண்டும்.

புதுச்சேரியிலேயே, அரியாங்குப்பம் ஆற்றுமுகத்தில் தேங்காய்த்திட்டுக் கண்டல்கள் இருக்கின்றன. துறைமுகத்துக்காகத் தூர்வாருமுன் அங்கே நாலு இடத்தில் குழாய் இறக்கிச் சேறு எடுத்துவைக்க அதிகச் செலவாகாது. ஆய்வுக்கூடமும் அதே ஊரில்தான் இருக்கிறது.