பட்டியலில் இல்லாத பெயர்
திரைக்குள் ஒரு நாடு – 9

கைகள் கட்டப்பட்ட நிலையில், ஒரு குதிரை வண்டியில் கண் விழிக்கிறோம். எல்லையைக் கடக்கும்போது, வேறு யாரையோ பிடிக்க விரித்த வலையில் நாமும் அகப்பட்டிருக்கிறோம். ஹெல்கன் என்ற ஊரில் வண்டி நிற்கிறது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி இறக்குகிறான் ஒரு சிப்பாய். நம்முடைய முறை வந்ததும் நீ யார் என்று கேட்கிறான். பட்டியலில் நம் பெயர் இல்லை. இல்லாவிட்டால் என்ன, இவனையும் வெட்டு என்று உத்தரவிடுகிறாள் அவனுடைய கப்டன். கோடரி இறங்கப் போகும் நேரத்தில் வானத்திலிருந்து ஒரு டிராகன் வந்து குதிக்கிறது.

ஸ்கைரிம் என்ற வீடியோ விளையாட்டு இப்படித்தான் தொடங்குகிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இந்தக் காட்சியில் விளக்கிச் சொல்ல எதுவும் இல்லை, டிராகனைத் தவிர. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியா முதலான இடங்களுக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்த துண்டு, சோதனைச் சாவடியில் நீட்டிய அடையாள அட்டை, எங்கே போகிறாய், ஏன் வந்தாய் என்ற கேள்விகள் எல்லாம் அந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கூட வயதோடு கலந்தவை. அவசரகாலச் சட்டம் 2011 ஓகஸ்ட் முடிவில் விலகியது. ஸ்கைரிம் வெளியானது அதே ஆண்டு நவம்பர் 11ஆம் திகதி.

அந்த விளையாட்டை ஆறேழு முறை முதலிலிருந்து தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். முழுக்கதையையும் ஒருமுறைகூட முடிக்காதவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். ஏன் திரும்பிப் போகிறீர்கள் என்று கேட்டால் இசை, பனிமலை, வில்வித்தை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். என் எண்ணத்தில், அவர்கள் திரும்பிப் போவது அந்தச் சிப்பாயின் கேள்விக்குத்தான். நீ யார் என்று அவன் கேட்டதும் விளையாட்டு அப்படியே நின்றுவிடும். பத்து இனங்களில் எது வேண்டும், ஆணா பெண்ணா, மூக்கு எப்படி, முகத்தில் தழும்பு வேண்டுமா, பெயர் என்ன என்று எல்லாவற்றையும் நாமே தீர்மானிக்க வேண்டும். அரை மணித்தியாலம் எடுத்தாலும் அவன் காத்திருப்பான். அதற்குப் பிறகு எந்தத் தெருவிலும் யாரும் துண்டு கேட்பதில்லை. நகரக் காவலர்கள் மறிக்கிறார்கள்தான், ஆனால் திருடினால், அடித்தால் மறிக்கிறார்கள். செய்த குற்றத்துக்குத் தண்டம் கட்டிவிட்டு நடக்கலாம். பெயரைப் பார்த்து மறிப்பதில்லை.

போன கிழமை எழுதிய விளையாட்டுகளில் முதலிலேயே வீரன், மந்திரவாதி என்று ஒரு தொழிலைத் தெரிவுசெய்து அதிலேயே கிடக்க வேண்டும். பெதஸ்டா நிறுவனத்தின் டொட் ஹவர்ட் குழு இங்கே அதை நீக்கிவிட்டது. 18 திறன்கள் இருக்கின்றன, எதைச் செய்கிறோமோ அது வளரும். வாள் சுழற்றினால் வாள், பதுங்கி நடந்தால் பதுங்கல், கொல்லன் உலையில் நின்றால் இரும்பு. உலகத்தை அழிக்க வந்த டிராகனும் அவசரப்படுத்தாது. நாம் மூலிகை பறித்துக்கொண்டு மாதக்கணக்கில் திரிந்தாலும் அது அங்கேயே இருக்கும். கதைக்கு அது பெரிய ஓட்டைதான். ஆனால் டியூஷனுக்கும் உயர்தரப் பரீட்சைக்கும் இடையில் மூச்சுவிட நேரமில்லாத ஒரு பெடியனுக்கு, அவன் இல்லாமல் எதுவும் முடிந்துவிடாத ஓர் இடம் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

விளையாட்டுக்குள் இருக்கும் ஸ்கைரிம் நாட்டின் பரப்பு ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கொழும்பு மாநகர சபையின் பரப்பும் அவ்வளவுதான். வெள்ளவத்தையில் தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் இருந்துகொண்டு, காலி வீதிக்கும் கடற்கரை ரயில் பாதைக்கும் இடையில் வளர்ந்தவன், தன் நகரத்தின் அளவேயான ஒரு நாட்டை ஒழுங்கை ஒழுங்கையாக மனப்பாடம் செய்திருக்கிறான். ஆனால் அதே கொழும்பில் இருக்கும் மட்டக்குளிக்கு அவன் ஒருமுறையேனும் போயிருப்பானா தெரியாது.

அவர்கள் திரும்பிப் போவதற்கான சாதாரணக் காரணங்களையும் சொல்ல வேண்டும். 2011இல் இந்த விளையாட்டுக்கு 2 ஜிபி ரேம், 6 ஜிபி இடம் போதுமாக இருந்தது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிப் பூட்டிய பழைய கொம்பியூட்டரிலும் ஓடியது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தொட்டது. அந்த மார்ச் முடிவில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. 60, 70 டொலர் கொடுத்து யார் புது விளையாட்டு வாங்குவது? கரண்ட் வந்ததும் கையிலிருந்ததையே திறந்தார்கள். உலகம் முழுக்க 6 கோடிக்கும் மேல் விற்ற ஒன்றுக்குக் கொழும்பில் ஆயுள் நீண்டதில் அந்த வறுமைக்கும் பங்கு உண்டு.

இனி விண்ட்ஹெல்ம். வடக்கில் பனிக்குள் இருக்கும் கல்நகரம் அது. வாசலைத் தாண்டியதும் இரண்டு ஆட்கள் ஒரு பெண்ணை மறித்துவைத்து, நீங்கள் எல்லாம் எதிரியின் உளவாளிகள் என்று மிரட்டுவதைப் பார்ப்போம். அவள் டன்மர் இனத்தவள். எரிமலை வெடித்துத் தாய்நாடு அழிந்தபின் அகதியாக வந்தவர்களின் வழியில் வந்தவள். அவர்களுக்கென்று ஒதுக்கிய மூலையின் பெயர் சாம்பல் குடியிருப்பு. இன்னோர் இனமான ஆர்கோனியன்களோ மதிலுக்குள்ளேயே வரக்கூடாது. துறைமுகத்தில் மூட்டை சுமந்து அங்கேயே படுக்க வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனையில் இருந்து இதைப் பார்ப்பவனுக்கு மனதில் என்ன ஓடும்?

அந்த நகரத்தை ஆளும் உல்ஃப்ரிக், தன் மக்களின் தெய்வத்தைக் கும்பிடவிடாத பேரரசுக்கு எதிராகப் போராடுகிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவன் ஆட்சியில் அந்தச் சாம்பல் மூலையும் இருக்கிறது. இரண்டும் உண்மை என்பதால்தான் இந்த உள்நாட்டுப் போரில் எந்தப் பக்கம் சேர்வது என்று இன்றைக்கும் விடிய விடியச் சண்டை பிடிக்கிறார்கள். எந்தப் பக்கமும் சேராமல் போரை அப்படியே விட்டு, ஹார்த்ஃபயர் இணைப்பில் ஒரு துண்டுக் காணி வாங்கி, மரம் அரிந்து, கல் உடைத்து வீடு கட்டுகிறவர்களும் உண்டு. காணியும் வளவும் இல்லாத தொடர்மாடிப் பிள்ளைகள் அந்த வீட்டில் காட்டும் அக்கறையை நான் பார்த்திருக்கிறேன்.

என் குறை ஒன்றுதான். பேரரசின் பக்கம் நின்று வென்றால், டன்மருக்காகப் பேசிவந்த புருன்வுல்ஃப் என்பவர் நகரத்தின் தலைவராகிறார். ஆனால் சாம்பல் குடியிருப்பில் ஒரு சுவர்கூட மாறுவதில்லை. இவ்வளவு கூர்மையாக ஒரு காயத்தைக் காட்டியவர்கள், ஆட்சி மாறியபின் அந்தத் தெருவுக்கு என்ன ஆனது என்று காட்டியிருக்க வேண்டும். அங்கே எழுத்தாளர்கள் கைகழுவிவிட்டார்கள்.

விட்ட வேலையைச் செய்தவர்கள் விளையாடியவர்களே. 2012 பெப்ரவரியில் பெதஸ்டா தன் ஆக்கக் கருவியை இலவசமாக வெளியிட்டது. அன்றிலிருந்து தெருக்களைத் திருத்துகிறார்கள், புது ஊர்கள் கட்டுகிறார்கள், குதிரை வண்டியே இல்லாமல் வேறெங்காவது தொடங்க வழி செய்கிறார்கள். இங்கே நம் பெடியன்கள் மொட் எனப்படும் அந்த மாற்றங்களை இரவு டேட்டாவில் இறக்கி, காலையில் ஒன்றோடொன்று முட்டாமல் வரிசைப்படுத்துவதற்கே ஒரு நாளைச் செலவழிப்பார்கள். மெல்பேர்னில் இருந்த நிக் பியர்ஸ் 2015இல் செய்த ஒரு மொட், மறு ஆண்டு ஒஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருதைப் பெற்றது. 2021இல் ‘தி ஃபர்கொட்டன் சிட்டி’ என்ற தனி விளையாட்டாகவும் வந்தது. ஒருவன் செய்யும் பாவத்துக்கு ஊர் முழுவதும் சாகும் அந்த நகரத்துக்கு அடுத்த கிழமை போவோம்.

(தொடரும்)