காலை அடுப்பில் வைத்த பேய்

அடுப்பில் விறகு இல்லை. சமைக்க உட்கார்ந்த பேய் அலட்டிக்கொள்ளாமல் தன் காலையே அடுப்புக்குள் நீட்டுகிறது. தீ குபுகுபுவென்று பிடித்துக்கொள்கிறது. பி.விட்டலாச்சார்யா 1978-ல் எடுத்த ‘ஜகன்மோகினி’யின் இந்தக் காட்சியைக் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும்.

தெலுங்கிலிருந்து தமிழ் பேச வந்த படம் அது. அந்தக் காலத்தில் கல்வராயன்மலையிலிருந்து புளியும் கடுக்காயும் விற்க இறங்கியவர்கள், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் டென்ட் கொட்டகையில் இரண்டாம் ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. திரையில் பச்சை வெளிச்சம் விழுந்ததுமே, “ஏய், வருதுடா!” என்று தரை டிக்கெட் கத்தும். எலும்புக்கூட்டைத் தூக்கும் கயிறு பளிச்சென்று தெரியும். தெரிந்தும் பயந்தார்கள், பயந்துகொண்டே சிரித்தார்கள்.

வித்தை ஒன்றும் பெரிதில்லை. ஆள் மறைய வேண்டுமா? கேமராவை நிறுத்து, ஆளை நகர்த்து, மறுபடி ஓட்டு. பிரான்சில் மெலியே என்ற இயக்குநர் 1896-லேயே செய்துகாட்டியதுதான். ஆனால், கையில் காசில்லாதபோதும் எடுத்தவர்கள் மனதார எடுத்தார்கள். அதனால்தான் நம்மால் வெறுக்க முடிவதில்லை. வேண்டுமென்றே மட்டமாக எடுத்தால் இந்தச் சுகம் வராது. 2009-ல் ‘ஜகன்மோகினி’யை கிராபிக்ஸ் சேர்த்து மறுபடி எடுத்தார்கள். இன்றும் மனதில் நிற்பது பழைய அடுப்புதான். இந்தப் படங்கள் மூடநம்பிக்கையை வளர்த்தன என்பவர்களும் உண்டு, அதையும் மறுப்பதற்கில்லை.

அமெரிக்காவில் எட் வுட் என்ற இயக்குநர் 1950-களில் இதேபோல் கையில் காசில்லாமல் எடுத்த ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ படத்தை இன்றும் கூட்டம் கூடி ரசிக்கிறார்கள். காரணம், பார்க்கும்படியான பிரதி அவர்களிடம் இருக்கிறது. நம் கதை என்ன? தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) படத்துக்கே பிரதி இல்லை. அதற்கே அந்தக் கதி என்றால், விமர்சகர்கள் திரும்பிக்கூடப் பார்க்காத பேய்ப் படங்களை யார் எடுத்துவைத்திருக்கப்போகிறார்கள்? புனேயில் 1964-ல் தேசியத் திரைப்படக் காப்பகம் வந்தது. நாடு முழுக்க எடுத்துத் தள்ளிய அத்தனை படத்தையும் ஒரே ஒரு காப்பகம் எப்படித் தாங்கும்?

அந்தக் காலப் படங்களைப் பதிந்த அசிட்டேட் பிலிம் வெக்கையிலும் ஈரத்திலும் புளித்துப்போகும். பெட்டியைத் திறந்தால் வினிகர் நெடி மூக்கில் ஏறும். சுருள் சுருங்கி நெளிந்து, புரொஜெக்டர் பல்லில் மாட்டாமல் போகும். ஒரு பெட்டி கெட்டால் அந்த ஆவி பக்கத்துப் பெட்டியையும் கெடுக்கும். எழுபதுகளின் கலர் பிரதிகள் என்றால் இன்னும் மோசம். பச்சையும் நீலமும் வெளுத்து, படம் முழுக்க ரோஸ் நிறமாகிவிடும். பேய்க்கென்று பார்த்துப் பார்த்துப் போட்ட பச்சை விளக்கே காணாமல் போகும். பிறகு நம் பேரப்பிள்ளைகளிடம் எதைக் காட்டி, இப்படியெல்லாம் பயந்தோம் என்று சொல்வது?

சின்னசேலம், சங்கராபுரம், கச்சிராயபாளையம் என்று எந்த ஊராக இருந்தாலும் சரி, மூடிக்கிடக்கும் கொட்டகையின் ஆபரேட்டர் அறையிலோ, யார் வீட்டுப் பரணிலோ பழைய பிலிம் பெட்டி கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படத்தின் பெயரை எழுதி ஒட்டி, காற்றோட்டமான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். வினிகர் நெடி அடித்தால் மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள். பிறகு, புனே காப்பகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள்.