வீணை தனம்மாள் வீட்டுப் பாடம்

வீணை தனம்மாள் (1867–1938) தஞ்சை அரண்மனையோடு தொடர்புடைய இசைக் குடும்பத்தில் வந்தவர். சென்னை ஜார்ஜ் டவுனில் வாழ்ந்தார். விரலில் மீட்டி அணியாமல் வெறும் விரலால் வாசிப்பார். கூடவே மெல்லப் பாடுவார். மிருதங்கம் கிடையாது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் நடந்த இந்த வாசிப்பைக் கேட்கப் பெரிய வித்வான்களே வந்து உட்கார்ந்தார்கள். கண்பார்வை போன பிறகும், வறுமை வாட்டிய நாட்களிலும், கூட்டத்துக்காக அவர் தன் வாசிப்பை மாற்றிக்கொள்ளவில்லை.

பேரப்பிள்ளைகள் வளர்ந்தது இந்தச் சூழலில்தான். மகள் காமாட்சியின் பெண்கள் பிருந்தாவும் முக்தாவும். மகள் ஜயம்மாளின் பிள்ளைகள் பாலசரஸ்வதி, ரங்கநாதன், விஸ்வநாதன்.

குடும்பத்தின் பெருஞ்சொத்து க்ஷேத்ரய்யரின் தெலுங்குப் பதங்கள். பதம் சௌக காலத்தில், அதாவது மெதுவான நடையில், நகரும். ஒரு சொல்லை இழுத்துப் பாடும்போது ஸ்வரங்களுக்கு நடுவே கமகம் என்னும் அசைவு எங்கே தொடங்கி எங்கே அடங்குகிறது என்பதில்தான் ராகம் இருக்கிறது. ஸ்வரப்படுத்தி எழுதினால் எலும்புக்கூடு மட்டுமே தாளில் நிற்கும். ஆகவே கேட்டுக் கேட்டு, பாடிப் பாடித்தான் பாடம் ஏறவேண்டும். பாட்டியின் பாடத்தில் முக்கியமானது அடக்கம் என்றே சொல்லவேண்டும்: கைதட்டலுக்காக ஒரு சங்கதிகூடக் கூட்டுவதில்லை.

அந்தப் பாடம் பேரப்பிள்ளைகளிடம் வெவ்வேறு உருவம் எடுத்தது. இன்று பரதநாட்டியம் எனப்படும் சதிரைச் சமூகம் இழிவாகப் பார்த்த காலத்தில், 1925இல், ஏழு வயது பாலசரஸ்வதி காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். பிற்காலத்தில் அவர் தானே பதம் பாடிக்கொண்டு அபிநயம் பிடித்தபோது, முகத்தில் தெரிந்ததும் அந்த ராகம்தான். விஸ்வநாதனின் புல்லாங்குழல் வாய்ப்பாட்டுப் போலவே ஒலித்தது. ரங்கநாதன் மிருதங்கத்தின் பக்கம் போனார். பிருந்தாவோ காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடமும் கற்றவர். ஆனாலும் பதத்தில் பாட்டி வழியைவிட்டு விலகவில்லை. பதம் கற்க மூத்த வித்வான்களும் அவரைத் தேடிவந்தார்கள்.

சங்கீத கலாநிதி விருது பாலசரஸ்வதிக்கு 1973இலும், பிருந்தாவுக்கு 1976இலும், விஸ்வநாதனுக்கு 1988இலும் கிடைத்தது. விருது பெரிதுதான்; ஆனால் ஒரே வீட்டுப் பாடம் பாட்டு, ஆட்டம், குழல் என மூன்றிலும் தேறியது அதைவிடப் பெரிது.

தனம்மாளின் வாசிப்பில் சில இசைத்தட்டுகள் எஞ்சியிருக்கின்றன. பழைய பதிவு என்பதால் இரைச்சல் உண்டு. பிருந்தா–முக்தா பாடிய பதங்களை முதலில் கேட்டுக் காதைப் பழக்கிக்கொண்டு, பிறகு அந்த வீணையைக் கேளுங்கள்.