ஒரே எண்ணெய், மூன்று வேலை

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கிருஷ்ணகிரிப் பக்கம் சொந்த ஊர். அப்பா ஓட்டிய மாஸி பெர்குசன் 1035 பல வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. அதைத் திரும்ப ஓடவைக்க ஆசை. டிரான்ஸ்மிஷன் ஆயில் கேட்டதற்குக் கடைக்காரர் மூன்று கேன்களை எடுத்து வைத்தாராம்: சாதாரண 90 கியர் ஆயில், ஜிஎல்-5 என்று போட்ட விலை கூடிய 90, டிராக்டருக்கென்றே விற்கும் யுடிடிஓ. 'எது உசத்தி சார்?' என்பது கேள்வி.

உசத்தி என்று பார்த்தால் ஜிஎல்-5 கேன்தான் ஜெயிக்கும். ஆனால் அந்த வண்டிக்கு அது வேண்டாம்.

காரணம் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. எங்கள் வீட்டில் நல்லெண்ணெய் ஒன்றுதான். தலைக்கும் தோசைக்கும் விளக்குக்கும் அதே பாட்டில். ஹாரி பெர்குசன் வகை டிராக்டரும் அப்படித்தான். கியர்பாக்ஸ், பின் அச்சு, கலப்பையைத் தூக்கும் லிஃப்ட் மூன்றுக்கும் ஒரே ஆயில். 1939-இல் ஹென்றி ஃபோர்டோடு சேர்ந்து பெர்குசன் கொண்டுவந்த ஃபோர்டு 9என் மாடலில் இந்த ஏற்பாடு இருந்தது. 1946-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் பிறந்த டிஈ20-யிலும், பின்னால் வந்த மாஸி 35-லும் தொடர்ந்தது. 1960-இல் சென்னையில் டாஃபே டிராக்டர் நிறுவனம் தொடங்கியபின் நம் வயல்களுக்கும் வந்துசேர்ந்தது.

இதில் எனக்குப் பிடித்தது அந்த லிஃப்ட் பம்பு. நான்கு பிஸ்டன் கொண்ட சின்னப் பெட்டி. ஹவுசிங்குக்குள் ஆயிலில் முங்கிக் கிடக்கும். என்ஜின் சக்தியை வெளியே எடுத்துத் தரும் பிடிஓ ஷாஃப்ட் அதைச் சுழற்றும். பொதுவாக ஹைட்ராலிக் பம்பு ஓயாமல் ஆயிலைத் தள்ளும், வேண்டாததைத் திருப்பி அனுப்ப ஒரு வழி வைப்பார்கள். பெர்குசன் கட்டுப்பாட்டு வால்வைப் பம்பு ஆயிலை உறிஞ்சும் பக்கம் வைத்தார். கலப்பையைத் தூக்க வேண்டாதபோது பம்பின் வாயையே அடைத்துவிடுகிறது அது. பம்பு சுழலும், ஆனால் குடிக்காது, வீணாகச் சூடேறாது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இப்படி யோசித்த ஆளை நினைத்தால் இன்னும் வியப்புத்தான்.

குடித்து வேலை செய்யும் பம்பு என்பதால் ஆயில் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருக்கக்கூடாது. மார்கழிக் காலையில் லிஃப்ட் தயங்கித் தயங்கி நடுங்கினால், பம்புக்கு வயதாகிவிட்டது என்று கழற்றுவதற்கு முன் ஆயிலைப் பாருங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கியர் ஆயில் 90, என்ஜின் ஆயில் 40-ஐவிட இரண்டு மடங்கு கெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். 100 டிகிரி சூட்டில் 90 கியர் ஆயிலின் கெட்டித்தன்மை, 40-க்கும் 50-க்கும் இடைப்பட்ட என்ஜின் ஆயிலை ஒட்டித்தான் இருக்கும்.

ஜிஎல்-5-ஐ ஏன் தள்ளினேன்? கிரவுன் பினியன் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தேயும் 'ஹைபாய்டு' வகைப் பின் அச்சுக்காக வந்தது அது. கடும் அழுத்தத்தைத் தாங்க அதில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம் அதிகம். சூடேறும்போது அந்தக் கந்தகம் வெண்கலம், பித்தளைப் பாகங்களை அரிக்கக்கூடும். டிஈ20, 9என் போன்ற பழைய வண்டிகளின் பின் அச்சு ஹைபாய்டு அல்ல. அந்த மருந்து அவற்றுக்குத் தேவையே இல்லை. ஆனால் வெண்கலப் புஷ்கள் உள்ளே உண்டு. ஆகவே கையேட்டில் போட்டிருக்கும் கிரேடுதான் முதல் பதில். கையேடு தொலைந்திருந்தால் யுடிடிஓ. அதன் டப்பாவின் பின்பக்கம் உங்கள் மாடலுக்குப் பொருந்தும் என்று இருக்கிறதா பாருங்கள். கொஞ்சம் இளக்கமான ஆயில் என்பதால் தேய்ந்த ஆயில் சீல் வழியாகக் கசியலாம். கசிந்தால் சீலை மாற்றுங்கள், ஆயிலைக் கெட்டியாக்காதீர்கள்.

எந்த ஆயில் என்பதைவிட, அதற்குள் தண்ணீர் இருக்கிறதா என்பது பெரிய கேள்வி. வாசகர் இதைப் பார்க்க ஊருக்குப் போக வேண்டியதில்லை. கோனப்பன அக்ரஹாராவிலும் தொட்டதோகூரிலும் அபார்ட்மென்டுகளுக்குத் தண்ணீர் டேங்கர் இழுத்துவரும் டிராக்டர்களை நின்று பார்த்தால் போதும். உழவுக்குப் பிறந்த வண்டி, 2024 கோடைத் தட்டுப்பாட்டில் இரவு பகலாக ஓடியது. கலப்பை இல்லை, அதனால் லிஃப்ட் நினைப்பே ஓட்டுநருக்கு இல்லை. மணிக்கணக்கு மீட்டர் நின்றுபோயிருக்கும். கியர் லீவர் அடியில் ரப்பர் கிழிந்து, டேங்கர் நிரப்பும்போது தெறிக்கும் தண்ணீரும் மழையும் அந்த வழியாக இறங்கும். ஆயில் வெளுத்துவிடும், பேரிங்கும் பம்பும் துருப்பிடிக்கத் தொடங்கும். நகரத்தின் தாகம் தீர்க்கும் வண்டிக்கு ஆண்டுக்கொரு முறை ஆயில் பார்க்கக்கூட ஆள் இல்லை என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. மலிவான ஒரு ரப்பரில் நிற்கும் சேதம் இது.

சந்தேகம் இருந்தால் கண்ணாடி மாட்டிக்கொண்டு, சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். படபடவென்று பொரிந்தால் தண்ணீர்.

மாற்றுவது இப்படி. நெடுநாள் நின்ற வண்டியென்றால், ஓட்டாமல் முதலில் அடி போல்ட்டை மெல்லத் தளர்த்துங்கள். தேங்கிய தண்ணீர் முன்னால் வரும். ஓடும் வண்டியென்றால் சூடாக்கிவிட்டு இறக்குங்கள். அடியில் ஒரே போல்ட் என்று நினைக்க வேண்டாம். 9என் வகையில் மூன்று உண்டு. ஒன்றை விட்டால் பழைய ஆயில் உள்ளேயே நிற்கும். இறங்கியதில் சாம்பல்நிறப் பசை இருந்தால் கவலை இல்லை, மஞ்சள் மினுமினுப்பு இருந்தால் வெண்கலம் தேய்கிறது. டீசல் ஊற்றிக் கழுவி ஓட்டச் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. டீசலில் பற்களுக்குப் பாதுகாப்பு கிடையாது. புது ஆயிலை மெதுவாக ஊற்றுங்கள், அறைக்கு அறை போய்ச் சேர நேரம் பிடிக்கும். லிஃப்டை நாலைந்து முறை ஏற்றி இறக்கி, சற்று நிறுத்தி, மறுபடி அளவு பாருங்கள்.

இறக்கிய ஆயில் கொஞ்சநஞ்சமல்ல. அதைச் சென்ட்ரிங் பலகைக்குத் தடவவும் கரையான் குழியில் ஊற்றவும் கேட்டு ஆள் வருவார்கள். கொடுக்க வேண்டாம். மழையில் அது போய்ச்சேருமிடம் ஏரி. ஹெப்பகோடி ஏரியைச் சுத்தம் செய்யப் பட்ட பாடு அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் அபாயக் கழிவு; அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போக வேண்டும். மூடி இறுகிய கேனில் ஊற்றி வையுங்கள். தண்ணீர் கலந்து வெளுத்ததை மட்டும் தனிக் கேனில் வையுங்கள்.